விளக்கம்: ரக்பி லீக் முன்கள வீரர் எப்போது விலக வேண்டும்? ஜேம்ஸ் கிரஹாம் முன்வைத்த கேள்வி

2020ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் ஹல் நகரில் சூப்பர் லீக் ரக்பி தொடரின் இறுதிப் போட்டி நடைபெற்றது. கொரோனா கட்டுப்பாடுகள் காரணமாக அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. செயின்ட் ஹெலன்ஸ், விகன் ஆகிய இரு அணிகளும் 4-4 என்று சமநிலையில் இருந்தபோது 80ஆவது நிமிடத்தின் மணி ஒலித்தது. பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்ததால் ஆட்டம் முடியவில்லை. செயின்ட் ஹெலன்ஸின் டாமி மேக்கின்சன் தொலைவிலிருந்து உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்துத் தரையில் துள்ளியது. அதன் மீது பாய்ந்து விழுந்து அமுக்கினார் 19 வயது ஜாக் வெல்ஸ்பி. செயின்ட் ஹெலன்ஸ் 8-4 என்ற கணக்கில் பட்டம் வென்றது.

அந்தக் கடைசி நொடி இன்றும் பேசப்படுகிறது. அதே இரவில் நிகழ்ந்த மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. இரு தரப்பிலும் ஒவ்வொரு மூத்த முன்கள வீரர் தமது கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார். விகன் அணியில் 2002ஆம் ஆண்டு முதல் ஆடி, அதன் தலைவராகவும் நெடுங்காலம் இருந்த ஷான் ஓ'லஃப்லினுக்கு அப்போது வயது 38. செயின்ட் ஹெலன்ஸின் ஜேம்ஸ் கிரஹாமுக்கு 35. தாம் விலகும் நாளைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இவ்விருவருக்கும் கிடைத்தது. அவர்களது தொழிலில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த நாள் சரியான நாள்தானா என்பது வேறு கேள்வி. ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அந்தக் கேள்வியைக் கிரஹாம் தம்மிடமே கேட்டுக்கொண்டார்.

முன்கள வீரர் செய்வது என்ன?

இந்தியாவில் ரக்பி என்றால் பெரும்பாலும் அறியப்படுவது ரக்பி யூனியன் அல்லது அதன் குறுகிய வடிவமான எழுவர் ரக்பி. 2025 ஜூன் மாதம் மும்பையில் நடைபெற்று, சென்னை புல்ஸ் அணி பட்டம் வென்ற ரக்பி பிரீமியர் லீக் எழுவர் வகையைச் சேர்ந்தது. அப்போட்டியின் பெயரில் 'லீக்' என்ற சொல் இருந்தாலும், இங்கே விளக்கப்படும் ரக்பி லீக் முற்றிலும் வேறான ஆட்டம்.

இது கூலிப் பிரச்சினையில் பிறந்த ஆட்டம். வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக விடுப்பு எடுத்தால் அன்றைய கூலியை இழந்தனர். அதை ஈடுகட்டும் தொகையை அணிகள் வழங்கலாமா என்ற சர்ச்சையில், 1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திய மன்றங்கள் ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. பின்னர் 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 பேராகக் குறைக்கப்பட்டது. உடலுழைப்புக்குக் கூலி என்ற நேரடிக் கணக்கு இந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. அதன் முழு எடையும் இறங்கும் இடம் முன்களம்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஆறு 'டேக்கிள்'கள் வரை வாய்ப்பு உண்டு. கிரிக்கெட் ஓவரில் ஆறு பந்துகள் இருப்பதைப் போல இதை எண்ணிக்கொள்ளலாம். பந்தைச் சுமந்து ஓடுபவரை எதிரணியினர் பிடித்து வீழ்த்தினால் ஒரு டேக்கிள் முடிந்தது. விழுந்தவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டுவார். அடுத்தவர் எடுத்து ஓடுவார். ஆறாவது முறையும் வீழ்த்தப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தற்காப்பு அணி பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும் என்பதே இதில் முக்கியமான விதி. பந்து மீண்டும் உயிர்பெற்றதும் இரு பக்கத்தினரும் அந்த இடைவெளியை ஓடிக் கடந்து மோதுகின்றனர். களத்தின் நடுவில் இந்த மோதலைச் செய்வதற்கென்றே இருப்பவர்கள் 8, 10 எண் சட்டை அணியும் 'பிராப்' எனப்படும் முன்வரிசை வீரர்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டவர்களே பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவார்கள். பந்தை எடுத்துக்கொண்டு எதிரணிச் சுவரின்மீது மோதிச் சில மீட்டர்களைப் பறிப்பதும், எதிரணி பிராப் அதையே செய்ய வரும்போது அவரைத் தடுத்து நிறுத்துவதும் இவர்களது வேலை.

நம் ஊர்க் கபடியில் பாடி வருபவர் ஒரு பக்கம், மடக்குபவர்கள் மறுபக்கம். ரக்பி லீக் பிராப் ஆட்டம் முழுவதும் இரண்டுமாக இருக்கிறார். ஓர் ஆட்டத்தில் முப்பது முறை எதிராளியை வீழ்த்தி, பத்து முறை தாம் வீழ்வது நடுக்கள முன்கள வீரர் ஒருவருக்குச் சாதாரணம். ஓர் ஆட்டத்துக்கு நாற்பது மோதல்கள் என்று வைத்துக்கொண்டால், 400 ஆட்டங்கள் ஆடியவரின் உடல் 16,000 மோதல்களைத் தாங்கியிருக்கும். பயிற்சியில் நிகழ்பவை இதில் சேராது. கிரஹாம் 400 ஆட்டங்களைத் தாண்டி ஆடியவர்.

தோற்றுக்கொண்டே இருந்த இறுதிப் போட்டிகள்

இங்கிலாந்தின் மெர்சிசைட் வட்டாரத்தில் 1985ஆம் ஆண்டு பிறந்த கிரஹாம், 2003இல் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். 2008இல் சூப்பர் லீக்கின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருது அவருக்குக் கிடைத்தது. வெறும் இடிப்பாளராக மட்டும் அவர் இருக்கவில்லை. மோதப்போகும் கடைசிக் கணத்தில் பந்தைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடும் கைத்திறன் அவரிடம் இருந்தது. 2012இல் ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். தொடருக்குச் சென்று கேன்டர்பரி புல்டாக்ஸ் அணியில் சேர்ந்தபோது, பயிற்சியாளர் டெஸ் ஹாஸ்லரின் ஆட்டத்திட்டத்துக்கு அந்தத் திறன் பொருந்திப்போனது.

பெரிய ஆட்டங்களின் முடிவுகள் மட்டும் அவருக்குச் சாதகமாக அமையவில்லை. 2007 முதல் 2011 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் செயின்ட் ஹெலன்ஸ் இறுதிப் போட்டியில் தோற்றது. ஆஸ்திரேலியாவில் 2012 இறுதிப் போட்டியில் மெல்பர்ன் ஸ்டார்ம் அணியிடம் புல்டாக்ஸ் தோற்றது. அந்த ஆட்டத்தில் பில்லி ஸ்லேட்டரின் காதைக் கடித்ததாகக் கிரஹாமுக்கு 12 ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. 2014 இறுதிப் போட்டியிலும் தோல்வி. 2017 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து 0-6 என்று ஆஸ்திரேலியாவிடம் வீழ்ந்தது. 2019இல் அவர் தலைமையில் சென்ற கிரேட் பிரிட்டன் அணி நான்கு ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பியது.

செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணியில் ஆடிக்கொண்டிருந்த அவர், 2020இன் நடுவில் பழைய அணிக்குத் திரும்பினார். சீசன் முடிவில் விலகுவதாகவும் அறிவித்தார். இந்தப் பின்னணியில் பார்த்தால், ஹல் நகரின் அந்தக் கடைசி நொடி அவருக்கு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

35 வயதில் ஒரு பிராப் எப்படி ஆடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டத்தின் வேகம் முதலில் குறைகிறது. மோதும் பலம் அவ்வளவு விரைவில் குறைவதில்லை. எனவே மூத்த வீரர் 80 நிமிடங்களும் களத்தில் இருப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு பகுதி, இரண்டாம் பாதியில் ஒரு பகுதி எனப் பிரித்து ஆடுகிறார். மாற்று வீரர்களை எத்தனை முறை இறக்கலாம் என்ற விதி அதனால்தான் இவர்களது ஆயுளைத் தீர்மானிக்கிறது. பத்தாக இருந்த அந்த எண்ணிக்கை என்.ஆர்.எல்.லில் 2016ஆம் ஆண்டிலும், சூப்பர் லீக்கில் 2019ஆம் ஆண்டிலும் எட்டாகக் குறைக்கப்பட்டது. 2020இல் மற்றொரு மாற்றம் வந்தது. விழுந்தவர் எழுவதைத் தாமதப்படுத்தினால் ஆட்டத்தை நிறுத்தாமலேயே எதிரணிக்கு மீண்டும் ஆறு டேக்கிள்கள் தரப்பட்டன. மூச்சு வாங்கக் கிடைத்த இடைவெளிகள் மறைந்தன. பார்ப்பவர்களுக்கு ஆட்டம் விறுவிறுப்பானது. கனத்த உடல்காரர்களுக்குக் கடினமானது.

இருந்தும் சிலர் நீடிக்கிறார்கள். மெல்பர்ன் ஸ்டார்மின் கேமரூன் ஸ்மித் 430 என்.ஆர்.எல். ஆட்டங்கள் ஆடி, 37 வயதில் விலகினார். அவர் 'ஹூக்கர்', முன்கள வீரர்தான் என்றாலும், பிராப்பைப் போல ஒவ்வொரு முறையும் சுவரில் மோத வேண்டியவர் அல்ல. பிராப்களிலேயே ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், சிட்னி ரூஸ்டர்ஸ் அணிக்காக 300 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய நியூசிலாந்தின் ஜாரெட் வயரேயா-ஹார்கிரீவ்ஸ் இருக்கிறார். 2025இல் 36 வயதில் அவர் இங்கிலாந்தின் ஹல் கே.ஆர். அணியில் இடம்பெற்றிருந்தார். அந்த ஆண்டு அந்த அணி சேலஞ்ச் கோப்பை, லீக் முதலிடம், இறுதிப் போட்டி ஆகிய மூன்றையும் வென்றது.

உடைந்த எலும்பும் உடையாத தலையும்

2014ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி, சிட்னியில் நடந்த என்.ஆர்.எல். இறுதிப் போட்டிக்கு வருவோம். ஆட்டத்தின் முதல் ஓட்டத்தில் பந்தை எடுத்து வந்தவர் சவுத் சிட்னியின் சாம் பர்கஸ். எதிரே தடுக்க வந்தவர் கிரஹாம். இருவரும் இங்கிலாந்து அணியின் சக வீரர்கள். பர்கஸின் முகம் கிரஹாமின் தலையில் மோதியது. பர்கஸின் கன்னத்தெலும்பு உடைந்தது.

அவர் வெளியேறவில்லை. வீங்கிய முகத்துடன் 80 நிமிடங்களும் ஆடினார். சவுத் சிட்னி 30-6 என்று வென்று 43 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்தைக் கைப்பற்றியது. ஆட்ட நாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் பர்கஸுக்கு. இதே அணியின் தலைவர் ஜான் சாட்லர் 1970 இறுதிப் போட்டியில் தாடை உடைந்த நிலையில் ஆடி வென்ற கதையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. ஓர் உடைந்த எலும்பை ஓர் அணியின் வரலாற்றுச் சின்னமாக ஆக்கும் வழக்கம் இந்த ஆட்டத்தில் பழையது.

அந்த மோதலில் சம்பந்தப்பட்ட தலைகள் இரண்டு. அப்போதைய செய்திகளின் மையமாக இருந்தது பர்கஸின் கன்னத்தெலும்பு. அதை உடைக்கும் அளவுக்கு விசையை வாங்கிய மற்றொரு தலையின் உள்ளே என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைக் காட்ட எக்ஸ்-ரே படம் எதுவும் உதவாது. முன்கள வீரரின் ஓய்வு குறித்த சிக்கல் முழுவதும் இந்த ஒரே மோதலில் அடங்கியிருக்கிறது எனலாம்.

தோள், முழங்கால், முதுகு ஆகியவை எச்சரிக்கை தரும். பர்கஸையே எடுத்துக்கொண்டால், தீராத தோள்பட்டைக் காயத்தால் 2019இல் 30 வயதில் அவர் ஆட்டத்தை விட்டார். அவர் விரும்பிய முடிவு அல்ல அது. ஆனாலும் உடல் தெளிவாகச் சொன்னது, அவர் கேட்டார். மூளை அப்படிச் சொல்வதில்லை. தலையில் அடிபட்டுத் தடுமாறும் மூளையதிர்ச்சி சில நாள்களில் தணிந்துவிடுகிறது. அறிகுறியே இல்லாத சிறு அதிர்வுகள் எண்ணிக்கைக்குள்ளும் வருவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் தலையில் அதிர்வு வாங்கியவர்களிடம் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் காணப்படுகிறது. நினைவு குன்றல், மனநிலைத் தடுமாற்றம், பிற்காலத்தில் மறதிநோய் ஆகியவை இதனோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. 1928இல் குத்துச்சண்டை வீரர்களிடம் முதலில் விவரிக்கப்பட்ட நிலை இது. இறந்த பின்னர் மூளைத் திசுவைப் பரிசோதித்தால் மட்டுமே இந்நோயை உறுதிப்படுத்த முடியும். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'உமக்கு இந்நோய் இருக்கிறது, நிறுத்திக்கொள்ளும்' என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுக் கூற முடியாது.

ரக்பி லீக்கில் இது வெறும் ஐயமாக இருந்த காலம் 2019இல் முடிந்தது. சிட்னியில் இயங்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கியைச் சேர்ந்த மைக்கேல் பக்லாண்ட் குழுவினர், தலா 150 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய இரு முன்னாள் வீரர்களின் மூளையில் சி.டி.இ. இருந்ததாக அறிவித்தனர். அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில், 59 வயதில் காலமான முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான ஸ்டீவ் ஃபோக்ஸுக்கும் இந்நோய் இருந்தது தெரியவந்தது. அவர் கேன்டர்பரி அணியைச் சேர்ந்தவர். பின்னாளில் கிரஹாம் ஆடியதும் அதே அணிக்குத்தான். 2022இல் 49 வயதில் மறைந்த பால் கிரீனின் மூளையிலும் முற்றிய நிலை சி.டி.இ. கண்டறியப்பட்டது. அவர் முன்கள வீரர் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆபத்து பிராப்களோடு நின்றுவிடுவதில்லை.

கிரஹாம் செய்தது இந்தச் சூழலில்தான் பொருள் பெறுகிறது. ஓய்வுக்குப் பின் 2021இல் 'ஹெட் நாய்ஸ்' என்ற ஒலித்தொடரைத் தொடங்கி, தமது மூளையைத் தாமே பரிசோதனைக்கு உட்படுத்தினார். மருத்துவர்களிடமும் முன்னாள் வீரர்களிடமும் பேசினார். தமக்கு நூறு முறைக்கு மேல் மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கும் என்பது அவரது சொந்த மதிப்பீடு. வலியைப் பொறுத்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தமது தலையைப் பற்றித் தமக்குள்ள அச்சத்தை வெளிப்படையாகப் பேசியது அந்த உலகில் சிறிய செய்தி அல்ல. காயத்தை மறைத்து ஆடுவோருக்குப் பதக்கம் தந்த ஆட்டத்தில், அதைச் சொல்வதற்கும் துணிவு தேவைப்பட்டது.

விதிகள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன?

தலையில் அடிபட்டவரைக் களத்திலிருந்து அகற்றிப் பரிசோதித்து, தேறினால் மட்டுமே திரும்ப அனுமதிக்கும் முறை இப்போது இரு நாடுகளிலும் உண்டு. என்.ஆர்.எல்.லில், அணிகளைச் சாராத மருத்துவர் ஒருவர் ஒளிப்பதிவைப் பார்த்தபடி வீரரை வெளியே அழைக்க உத்தரவிடும் ஏற்பாடு 2022இல் வந்தது. இது முக்கியமான மாற்றம். அணியின் சம்பளத்தில் இருக்கும் மருத்துவரிடம் மட்டும் அந்த முடிவை விட்டுவைக்கக் கூடாது என்பதை இது ஒப்புக்கொள்கிறது. மூளையதிர்ச்சி உறுதியானால் 11 நாள்கள் ஓய்வு என்ற கட்டாயம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2024 சீசன் முதல் தலையில் படும் டேக்கிள்களுக்கு நடுவர்கள் கடும் தண்டனை வழங்கத் தொடங்கினர். அட்டைகள் அதிகம் என்று ரசிகர்களும் பயிற்சியாளர்களும் முணுமுணுத்தனர்.

இன்னொரு பக்கம் வழக்குகள் நடக்கின்றன. தங்களைப் பாதுகாக்கத் தவறியதாக இங்கிலாந்தின் ரக்பி கால்பந்து லீக் அமைப்பின் மீது முன்னாள் வீரர்கள் சட்ட நடவடிக்கை எடுத்துள்ளனர். 49 வயதிலேயே மறதிநோய் கண்டறியப்பட்டதாக 2021இல் அறிவித்த, செயின்ட் ஹெலன்ஸின் முன்னாள் தலைவர் பாபி கோல்டிங் அவர்களில் ஒருவர்.

ஆனால் மேலே சொன்ன விதிகள் அனைத்தும் ஓர் அடி விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியவை. கண்ணுக்குத் தெரியாத நாற்பது மோதல்களை, ஆண்டுக்கு இருபத்தைந்து வாரங்கள், பதினேழு ஆண்டுகள் வாங்கும் தலைக்கு அவற்றில் நேரடியான விடை இல்லை. மூத்த பிராப் ஒருவர் இன்னும் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது முழங்காலைப் பார்க்கிறார், சம்பளத்தைப் பார்க்கிறார், இளைஞர்களுடன் ஓட முடிகிறதா என்று பார்க்கிறார். அந்தக் கூடுதல் ஓராண்டு மூளைக்கு என்ன செய்யும் என்ற தகவல் அவருக்கும் இல்லை, ஒப்பந்தத்தை நீட்டும் அணிக்கும் இல்லை. தொழில்முறையில் எத்தனை ஆண்டுகள் மோதலாம் என்பதற்கு வரம்பு வைப்பதும், பயிற்சியில் முழு மோதலைக் குறைப்பதும் மருத்துவர்கள் முன்வைக்கும் யோசனைகள். முதலாவதை ஏற்க வீரர்களே தயங்குவார்கள். அது அவர்களின் பிழைப்பு. இரண்டாவதற்கு அவ்வளவு தடை இருக்க வேண்டியதில்லை. பயிற்சி மைதானத்தில் பறிக்கும் மீட்டர்களுக்குப் புள்ளி கிடையாது.

உறுதியான விடைக்கு ஆய்வாளர்கள் நம்பியிருப்பது கொடையை. 2018இல் ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கி தொடங்கப்பட்டபோது, பாரமட்டா அணியின் முன்னாள் நட்சத்திரம் பீட்டர் ஸ்டெர்லிங் தமது மூளையை இறப்புக்குப் பின் வழங்குவதாக உறுதியளித்தார். நோய் அறிகுறி உள்ளவர்களின் மூளை மட்டும் வந்து சேர்ந்தால் நோயின் பரவலை மிகையாக மதிப்பிடும் அபாயம் உண்டு. ஆகவே நீண்ட காலம் ஆடியும் நலமாக இருப்பவர்களின் கொடையும் ஒப்பீட்டுக்குத் தேவைப்படுகிறது.